மணலும் மக்காச்சோளமும்

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் இடைப்பட்ட தேரிக்காட்டுச் செம்மணலில், பெய்த மழை ஒரு நாழிகைகூடத் தங்காமல் உள்ளே இறங்கி மறைவதைப் பார்த்தவர்களுக்கு, அத்தகைய மண்ணில் மக்காச்சோளம் போன்ற பெருந்தீனிப் பயிரை வைப்பது அசட்டுத் துணிச்சலாகவே தோன்றும். ஆட்டுக்கிடை போட்டும், குளத்து வண்டல் அடித்தும், கொழிஞ்சியை மடக்கி உழுதும் மணலைத் தேற்றும் வித்தையை நம் சம்சாரிகள் நெடுங்காலமாக அறிவார்கள். ஆயினும் இட்ட எருவின் சத்தை மட்டும் கணக்கிட்டு அந்த வித்தையின் பலனை முழுவதும் விளக்கிவிட முடியுமா என்னும் சந்தேகம் என்னை வெகுநாள் விடவில்லை.

அந்தச் சந்தேகத்துக்கு ஒரு துணை, இந்தூரில் கம்போஸ்டு முறையை வகுத்த ஆல்பர்ட் ஹோவார்ட் 1940இல் வெளியிட்ட விவசாய நூலில் கிடைத்தது. வேருக்கும் பூசணத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அவர் எழுதும்போது, மாபெல் ரெய்னர் என்னும் அம்மையாரின் ஆராய்ச்சியை மிகுந்த மரியாதையோடு எடுத்துக்கொள்கிறார். இங்கிலாந்தின் டார்செட் பிரதேசத்தில், வேர்ஹாம் என்னும் ஊரை அடுத்த வறண்ட மணற்பாங்கான தரிசில் விதைத்த பைன் கன்றுகள், சாகவும் செய்யாமல் வளரவும் செய்யாமல் குன்றி நின்றனவாம். மட்கிய கம்போஸ்டைச் சிறிதளவு இட்டதும் அவை வீறுகொண்டு எழுந்தன. வேர்களைத் தோண்டிப் பார்த்தபோது, முன்பு அருகியிருந்த பூசண இழைகள் செழித்துப் படர்ந்திருந்தன. எருவில் இருந்த சத்து அந்த வளர்ச்சிக்கு முழுக் காரணமாகாது, மண்ணின் குணமே மாறிப் பூசணத்துக்கு இடங்கொடுத்தது என்று அந்த அம்மையார் வாதித்தார். பிறர் மறுத்தபோதும் பின்வாங்காத அந்தத் தீவிரத்தை நான் பெரிதும் போற்றுகிறேன்.

பைன் வேரை வெளியே போர்த்தும் பூசணம் வேறு ஜாதி. மக்காச்சோள வேரின் அணுக்களுக்குள் புகுந்து கிளைவிடும், நம் விவசாயிகள் 'வேம்' என்று கேட்டு வாங்கும் பூசணம் வேறு ஜாதி. ஆயினும் கொடுக்கல் வாங்கல் ஒன்றுதான். மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராதது ஆகையால், வேரைச் சுற்றியுள்ளது தீர்ந்தபின் பயிர் பசித்து நிற்கும். அப்போது வேர்த்தூவியும் நுழையாத சந்துகளில் புகுந்து, அப்பாலுள்ள மணிச்சத்தைக் கொணர்ந்து தந்து, பிரதியாகச் சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது பூசணம். ஒன்றோடொன்று ஒட்டாத மணற்பருக்கைகளையும் அதன் இழைகளே, பூக்காரி நாரால் உதிரிப்பூவைப் பிணைப்பதுபோல், பிணைத்து ஈரத்துக்கு இடம் செய்கின்றன.

இந்தப் பூசணத்துக்கு உயிருள்ள வேரன்றி ஜீவனமில்லை. கடுகும் முள்ளங்கியும் அதற்கு இடங்கொடா; மணிச்சத்து உரத்தை அளவுமீறிக் கொட்டினாலோ, மக்காச்சோளமே அதன் உறவைக் குறைத்துக்கொள்ளும். ஆகையால் கதிர் ஒடித்த கையோடு தட்டைக்குத் தீயிட்டு, நிலத்தை மாதக்கணக்கில் வெறுமணலாகக் காயவிடும் வழக்கத்தை என்னால் சகிக்க இயலவில்லை. தட்டையை அங்கேயே மூடாக்காகப் பரப்பி, கிடைத்த ஈரத்தில் காணமோ தட்டைப்பயறோ தெளித்துவிட்டால், அடுத்த மக்காச்சோளம் முளைக்கும் வரையில் பூசணம் பற்றியிருக்க ஒரு வேர் இருக்கும்.