பூச்சியமாகிப் போன "ஏபி"



போன தவணைத் தேர்ச்சி அறிக்கையில் ஒரு பிள்ளைக்கு விஞ்ஞானத்தில் பூச்சியம் விழுந்த கதை ஊரில் பலவிதமாகச் சுற்றுகிறது. பிழை விஞ்ஞான ஆசிரியருடையதல்ல. கணினியைக் குற்றம் சொல்லவும் வேண்டாம். அந்த புரோகிராமை எழுதியது நாங்கள்.

புள்ளிகளைக் கூட்டி, சராசரியும் நிலையும் போட்டு அறிக்கை அச்சிட, கோ மொழியில் சின்னதாக ஒன்று எழுதி வைத்திருக்கிறோம். கூகுளில் ராபர்ட் கிரீசெமர், ராப் பைக், கென் தொம்சன் மூவரும் 2007 இல் தொடங்கி, 2009 இல் வெளியான மொழி அது. எங்கள் உயர்தரப் பிள்ளைகள் படிக்கும் பைத்தனில் பிழை வந்தால் எக்ஸெப்ஷன் எழும்பும். பிடிக்க ஆளில்லையென்றால் புரோகிராம் நின்றுவிடும். கோ மொழியிலோ, பிழைக்கு இடமுள்ள ஃபங்ஷன்கள் விடையோடு 'எரர்' என்ற இன்னொரு பெறுமதியையும் சேர்த்துக் கையில் தரும். அதைப் பார்ப்பதும் பாராமல் விடுவதும் எழுதுபவர் பொறுப்பு. ஒவ்வொரு இடத்திலும் அதே மூன்று வரி. கை அலுத்துப்போகும்.

அந்த அலுப்பில் ஒரு உதவி ஃபங்ஷன் எழுதினோம். எழுத்தை எண்ணாக மாற்றும்; முடியாவிட்டால் சத்தமில்லாமல் 0 தரும். பிள்ளை பரீட்சையன்று காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில். ஆசிரியர் பட்டியலில் சரியாகவே "ஏபி" என்று போட்டிருந்தார். எங்கள் ஃபங்ஷன் அதைப் பூச்சியமாக்கியது. நாலாம் நிலையில் இருந்த பிள்ளை இருபத்தொன்பதாம் நிலைக்குப் போனாள்.

வாப்பா அறிக்கையோடு வந்தார். கோபப்படவில்லை. "எழுதாத பரீட்சைக்கு எப்படி சேர் புள்ளி வந்தது?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை.

வெட்கத்தில் மறுபக்கம் பாய்ந்தோம். கோ நூலகத்தில் 'மஸ்ட்' என்று தொடங்கும் ஃபங்ஷன்கள் சில உண்டு. பிழை வந்தால் 'பனிக்' எழுப்பும். அதே மாதிரி நாங்களும் ஒன்று எழுதினோம். அச்சிடும் நாளில் முதல் "ஏபி"யிலேயே புரோகிராம் விழுந்தது. ஆறு வகுப்பு அறிக்கையும் அப்படியே நின்றது.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது விளங்கும். என்ஜின் ப்ளக்கில் கரி பிடித்தால் மாற்றிப் போட்டுவிட்டுத் தொழிலைப் பார்ப்பார்கள். போட்டின் அடி வெடித்தால் வலையை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புவார்கள். முதலாவது எரர், இரண்டாவது பனிக். நாங்கள் ப்ளக் கரிக்கு போட்டையே கைவிட்டிருந்தோம். 'மஸ்ட்' என்பது புரோகிராம் தொடங்கும்போது, எழுதியவரே தவறு விட்டிருந்தால் உடனே காட்டிக்கொடுக்க. வெளியிலிருந்து வரும் புள்ளிப் பட்டியலுக்கு அது பொருந்தாது.

பிறகுதான் பட்டியலை ஒழுங்காகப் பார்த்தோம். "ஏபி" பிழையே அல்ல, அதுவும் ஒரு தகவல். அதற்குத் தனி இடம் கொடுத்தோம். உண்மையான பிழைகள் வேறு: 70 இல் பூச்சியத்துக்குப் பதில் ஓ எழுத்து, 107 என்ற புள்ளி. இப்போது உதவி ஃபங்ஷன் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. எந்த வகுப்பு, எந்த வரி, எந்தப் பாடம் என்று எரரைச் சுற்றி எழுதி மேலே அனுப்புகிறது. இந்தச் சுற்றும் வசதி 2019 இல் 1.13 பதிப்போடு வந்தது. பலதை ஒன்றாகக் கட்டும் வசதி 2023 இல், 1.20 இல். பட்டியல் முழுவதையும் படித்து முடித்தபின் எல்லாப் பிழைகளையும் ஒரே தாளில் தருகிறது. திருத்துவது பாட ஆசிரியர்.

பனிக்கைப் பிடிக்கும் 'ரிகவர்', 'டிஃபர்' செய்த ஃபங்ஷனுக்குள் இருந்தால்தான் வேலை செய்யும். வகுப்புகளைத் தனித்தனி கோரூட்டினில் ஓடவிட்டு, ரிகவரை மெயினில் மட்டும் வைத்திருந்தோம். ஒரு கோரூட்டினின் பனிக்கை இன்னொன்று பிடிக்காது. முழுப் புரோகிராமும் விழும். இப்போது ஒவ்வொரு வகுப்புக்குள்ளும் ஒன்று இருக்கிறது.

அந்த மூன்று வரியைச் சுருக்க 2019 இல் 'ட்ரை' என்ற யோசனை வந்து, எதிர்ப்பால் கைவிடப்பட்டது. 2025 இல் கோ குழு இனி அதற்காக மொழியின் இலக்கணத்தை மாற்ற முயல்வதில்லை என்று அறிவித்துவிட்டது. முன்பென்றால் எரிச்சல் வந்திருக்கும்.

பிள்ளையின் அறிக்கையை மறுபடி அச்சிட்டு, வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தோம். இந்தத் தவணை அறிக்கை அடுத்த கிழமை கைக்கு வரும். பிள்ளை எழுதாத பாடத்துக்கு நேரே புள்ளி இருந்தாலோ, எழுதிய பாடத்தில் "ஏபி" இருந்தாலோ, தயவுசெய்து நேரே எங்களிடம் கொண்டுவாருங்கள்.