சூடேறுமட்டும்

மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் ஓடுகிற வாகனம் ஒரு கிலோமீற்றருக்கு எத்தனை கிராம் காபனீரொட்சைட்டை வெளியே விடுகிறது என்று எழுதிக்கொண்டு வரும்படி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். காரின் பதிவுப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். 132 என்றிருந்தது.

"அம்மா, அது நல்லதா, கூடாததா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் காரை வாங்கிய நாளில் "சுற்றாடலுக்கும் நல்லது" என்று உறவுக்காரர் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

அதற்கு முதல் எங்களிடம் இருந்தது 2012ஆம் ஆண்டு டீசல் கார். அதை வாங்கும்போதும் இதே கதையைத்தான் சொன்னேன். பிரித்தானியாவில் 2001இலிருந்து வாகன வரியைக் காபனீரொட்சைட்டின் அளவைப் பார்த்துத்தான் போட்டார்கள். டீசல் கார் ஒரு மைலுக்குக் குறைவாகக் காபனீரொட்சைட்டு விடும். ஆகவே வரியும் குறைவு. அதன் புகையில் நைதரசன் ஒட்சைட்டுகள் கூட என்பதை அந்த வரிப் பத்திரம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. 2023 ஓகஸ்ட் 29ஆம் திகதி யூலெஸ் வலயம் லண்டன் முழுவதற்கும் விரிந்தபோது, அந்த டீசலை வீட்டு வாசலிலிருந்து எடுத்தாலே நாளொன்றுக்கு 12.50 பவுண் என்றானது. பெற்றோல் கார் என்றால் 2006க்குப் பிந்திய அநேகமானவற்றுக்குக் கட்டணமில்லை. டீசலை வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு, ஒரு லீற்றர், மூன்று சிலிண்டர் இயந்திரம் பூட்டிய சின்ன எஸ்.யு.வி. ஒன்றை எடுத்தோம்.

எஸ்.யு.வி. எதற்கு என்று கேட்டால், அப்பாவின் முழங்கால். தாழ்ந்த காருக்குள் குனிந்து ஏற அவரால் முடியாது. இதில் நாற்காலியில் அமர்வதுபோல அமர்ந்துவிடலாம். அந்த வசதிக்கும் ஒரு விலை உண்டு. அதே இயந்திரம் பூட்டிய சின்னக் காரைவிட இது உயரமும் பாரமும் கூடியது. உயரம் கூடினால் காற்றைத் தள்ள எண்ணெய் வேண்டும். பாரம் கூடினால் ஒவ்வொரு சிக்னலிலும் நின்று கிளம்ப எண்ணெய் வேண்டும். டயரும் கூடத் தேயும். அந்தத் தூள் புகைக்குழாயால் வராது. ஆகவே புகையைச் சோதிக்கிறவர்களின் கணக்கிலும் வராது.

மகளிடம், "நாங்களே அளந்து பார்ப்போம்" என்றேன். பெற்றோல் அடித்த பற்றுச்சீட்டுகள் காரின் தட்டில் கிடந்தன. தாங்கியை நிரப்பும்போதெல்லாம் ஓடிய தூரத்தை அவற்றில் குறித்துவைப்பது என் வழக்கம். மூன்று தடவைக்கான கணக்கைச் சேர்த்தால் நூறு கிலோமீற்றருக்கு 7.4 லீற்றர். ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ காபனீரொட்சைட்டு வரும். "ஒரு லீற்றர் பெற்றோல் முக்கால் கிலோதானே, எப்படி இரண்டு கிலோவுக்கு மேல் வரும்?" என்று மகள் சண்டைக்கு வந்தாள். எரியும்போது காற்றிலிருந்து ஒட்சிசனைச் சேர்த்துக்கொள்கிறது என்று விளங்கப்படுத்தினேன். பெருக்கிப் பார்த்தாள். கிலோமீற்றருக்கு 170 கிராம்.

பத்திரத்தில் 132. எங்கள் கையில் 170.

ஆய்வுகூடத்தில் ஓட்டிப் பார்க்கும் சோதனையை 2017இலிருந்து கடுமையாக்கியிருக்கிறார்கள். பழைய சோதனையைவிட இது எவ்வளவோ உண்மைக்குக் கிட்ட. ஆனால் அந்தச் சோதனையில் கார் 23 கிலோமீற்றர் ஓடும். எங்கள் கார் கிழமையில் ஐந்து நாள், காலையும் பின்னேரமும், பள்ளிக்கூடத்துக்கு ஒன்றேகால் கிலோமீற்றர் ஓடுகிறது.

இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, "எஞ்சின் சூடேறாமலே நிப்பாட்டுறியள்" என்றார்.

அப்பா யாழ்ப்பாணத்தில் ஏ-40 கார் வைத்து ஹயர் ஓடியவர். 1990இல் சண்டை மீண்டும் தொடங்கிய பிறகு வடக்குக்குப் பெற்றோல் வரவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓடியது.

"மண்ணெண்ணெய் குளிர் எஞ்சினில பத்தாது, பிள்ளை. சின்னப் போத்தலில வச்சிருக்கிற பெற்றோலில நாலு சொட்டு காபரேட்டருக்க விட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணுறது. சூடேறுமட்டும் வெள்ளைப் புகையும் கண்ணெரிவும். அதால ஒருக்கா ஸ்டார்ட் பண்ணினா ஆஸ்பத்திரி, சந்தை, சங்கக்கடை எண்டு எல்லா அலுவலையும் முடிச்சுப்போட்டுத்தான் நிப்பாட்டுவன். நடக்கிற தூரத்துக்கு ஆர் காரை எடுத்தது?"

அப்பாவுக்குச் சோதனை முறைகள் தெரியாது. ஆனால் விசயம் அதுதான். இன்றைய பெற்றோல் காரிலும் புகையைச் சுத்தப்படுத்தும் கற்றலிற்றிக் கன்வேர்ட்டர் சில நூறு பாகை வெப்பம் ஏறிய பிறகுதான் ஒழுங்காக வேலை செய்யும். அதுவரை நச்சு வாயுக்கள் பெரும்பாலும் அப்படியே வெளியே போகும். குளிர்ந்த இயந்திரம் எண்ணெயையும் கூடக் குடிக்கும். ஒன்றேகால் கிலோமீற்றரில் எங்கள் கார் சூடேறத் தொடங்கும்போது பள்ளிக்கூட வாசல் வந்துவிடும். அதாவது, இருக்கிற புகையில் மோசமான புகையை நான் கொண்டுபோய்க் கொட்டும் இடம், நூற்றுக்கணக்கான பிள்ளைகள் நிற்கும் வாசல். அதில் என் மகளும் ஒருத்தி. அவளின் புத்தகப்பையில் நீல நிற இன்ஹேலர் இருக்கிறது.

லூயிஷத்தில் பெருந்தெருவுக்கு அருகில் வாழ்ந்த எல்லா கிஸ்ஸி-டெப்ரா 2013இல் ஆஸ்துமாவால் இறந்தபோது அவளுக்கும் ஒன்பது வயது. 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசு அந்த மரணத்துக்கு ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். அந்தச் செய்தியை நான் டீசல் கார் வைத்திருந்த காலத்தில் வாசித்தேன். பாவம் அந்தத் தாய் என்று நினைத்தேன். என் காரைப் பற்றி நினைக்கவில்லை.

இப்போது பள்ளிக்கூடத்துக்கு நடக்கிறோம். பதினெட்டு நிமிடம். இருபது நிமிடம் முந்தி எழும்ப வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு காலமும் பஞ்சிப்பட்டிருக்கிறேன். அப்பாவுக்குக் கிளினிக் இருக்கும் நாளில் கடை, நூலகம், கோயில் எல்லாவற்றையும் அந்த ஒரே ஓட்டத்தில் சேர்க்கிறோம். கடைசியாகத் தாங்கி நிரப்பியபோது 6.6 லீற்றர். பெருக்கினால் 152 கிராம். காரை மாற்றவில்லை, பத்திரத்தில் இருக்கும் இலக்கமும் இன்னும் கிட்டவில்லை. கொட்டும் மழையில் இரண்டு மூன்று தடவை காரில் போனதும் உண்டு.

மகள் தன் கொப்பியில் 132, 170 இரண்டையும் எழுதிக்கொண்டு போனாள். எது சரி என்று ரீச்சர் கேட்டாராம்.

"முதலாவது காருடையது, இரண்டாவது அம்மாவுடையது எண்டு சொன்னன்" என்றாள்.