டியூப் மேப்பை நம்பாதீங்க பாஸ்!

லண்டன்ல ரெண்டு வாரம். அப்பா எண்ணிக் கொடுத்த பவுண்டுகளைக் காப்பாத்தினது என் கால்கள்தான்!

அங்கே எல்லாரும் நம்புற டியூப் மேப்பை 1931-ல் வரைந்தவர் ஹாரி பெக். ரயில்வே சிக்னல் ஆபீஸில் டிராயிங் வேலை பார்த்தவர். பார்த்தா நம்ம சர்க்யூட் டயகிராமேதான். ரெசிஸ்டருக்கும் பேட்டரிக்கும் எவ்வளவு தூரம்னு யாராவது ஸ்கேல் வெச்சு அளப்போமா? இதுவும் அப்படித்தான். எங்கே மாறணும்னு சொல்லும், தூரம் சொல்லாது. லெஸ்டர் ஸ்கொயர்ல இருந்து கோவென்ட் கார்டன் ஒரு ஸ்டாப். நடுவுல கால் கிலோமீட்டர் சொச்சம்தான்! இறங்கினா லிஃப்ட்டுக்கு நிக்கணும். படியேறலாம்னு ஹீரோயிசம் வேண்டாம், மொத்தம் 193. பேசாம நடந்துடுங்க.

டியூப்ல போறப்ப, உள்ளே தட்டின கார்டையே வெளியேயும் தட்டுங்க. அதே கார்டு போன்ல இருந்தாலும் மெஷினுக்கு அது வேற ஆள். ரெண்டு அரைகுறைப் பயணம்னு கணக்குப் போட்டு தீட்டிடும். பஸ்ல ஏறும்போது ஒரு தட்டு போதும். நோட்டை நீட்டாதீங்க, 2014-லேயே காசு வாங்குறதை நிறுத்திட்டாங்க.

எஸ்கலேட்டர்ல வலப்பக்கமா நில்லுங்க. இடப்பக்கம் நின்னு செல்ஃபி எடுத்தா, பின்னாடி இருந்து ஒரு 'எக்ஸ்க்யூஸ் மீ' வரும் பாருங்க... நம்ம ஊர் கண்டக்டர் திட்டே தேவலைன்னு தோணும்!