மரம் கழிக்க விலை கேட்பவர்களுக்கு

வீட்டு மரத்தைக் கழிக்கவோ வெட்டவோ ஆள் தேடுகிறவர்கள் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்?" என்பதே. இப்பொழுது கைபேசியில் படத்தை அனுப்பிவிட்டுக் கேட்கிறார்கள். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் மரம் கழிக்கும் சிறு தொழில் நடத்திவரும் அண்ணனும் தம்பியுமாகிய நாங்கள், நேரில் சென்று பாராமல் விலை சொல்வதில்லை. நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுவார் உண்டோ?

எங்கள் பகுதி மரங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை அமைந்தது. அதையும் ஆவடியின் படைத்தளவாடத் தொழிற்சாலைகளையும் நம்பி வந்த குடும்பங்கள் மனை வாங்கி வீடு கட்டின. வாசலில் வேம்பும், கிணற்றடியில் தென்னையும், கொல்லையில் மாவும் முருங்கையும் நட்டன. அன்றைய கன்றுகள் இன்று மாடிக்கு மேல் ஓங்கி, அண்டை வீட்டுச் சுவரின்மேல் சாய்ந்து நிற்கின்றன. நட்டவர்களோ முதியவர்களாகிவிட்டார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. அதன்பின், காற்று சற்றே பலமாக அடித்தாலும் அவர்கள் உறங்குவதில்லை.

இந்த அச்சத்தைக் காசாக்குவது எளிது. "கூலியே வேண்டாம்; மரத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்" என்று சிலர் வருவார்கள். கேட்க இனிக்கும். ஆனால் விறகிலும் பலகையிலும்தான் வருமானம் என்றால், எத்தனை கிளை வெட்ட வேண்டும் என்பதை முடிவு செய்வது மரத்தின் தேவையா, வெட்டுகிறவரின் தேவையா?

சில ஆண்டுகளுக்கு முன் ஆவடியில் தனியே வாழும் ஓர் அம்மையார் எங்களை அழைத்தார். அவர் வீட்டு வேம்பைப் பார்த்த ஒருவர், அடியோடு வெட்ட வேண்டும் என்றாராம். மற்றொருவர் மிகக் குறைந்த தொகைக்கு உச்சியை மொட்டையடித்துத் தருவதாகச் சொன்னாராம். நாங்கள் எழுதிக் கொடுத்த தொகை அதைப்போல் இரு மடங்கு.

"என்ன தம்பி, இவ்வளவு கேட்கிறீர்கள்?" என்றார்.

தாளில் இருந்ததைப் படித்துக் காட்டினோம். பட்டுப்போன கிளைகள் இரண்டு, சமையலறைக் கூரைமேல் நீண்ட கிளை ஒன்று. இவை மட்டுமே நீக்கப்படும். மரத்தை வெட்டத் தேவையில்லை. கிளைகள் வடம் கட்டி இறக்கப்படும். மேலே ஒருவர், கீழே இருவர். மின்வாரியத்தார் மின்சாரத்தை நிறுத்திய பின்னரே கம்பியருகே வேலை. ஓடு உடைந்தால் எங்கள் பொறுப்பு. விறகு வீட்டுக்காரருக்கு.

"மொட்டையடித்தால் கேடா?" என்று கேட்டார். அந்த வெட்டுவாயில் அடர்ந்து எழும் புதுக் கொம்புகளுக்குப் பிடிப்பு மிகக் குறைவு. சில ஆண்டுகளில் அவையே காற்றில் முறிந்து விழும் என்றோம். கிளை தண்டோடு சேருமிடத்தில் தடித்த வளையம்போல் ஒரு பகுதி உண்டு. அதைச் சிதைக்காமல் வெட்டினால் மரம் தன் காயத்தைத் தானே அடைத்துக்கொள்ளும். அமெரிக்க வனத்துறை அறிஞர் அலெக்ஸ் ஷிகோ ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து விளக்கிய உண்மை இது. காயத்தின்மேல் தாரோ வண்ணமோ பூசுவதால் பயனில்லை.

"சரி, ஓர் ஆளைக் குறைத்தால் தொகை குறையுமே?"

"குறையும் அம்மா. ஆனால் வடத்தைப் பிடிக்க ஆள் இல்லாவிட்டால், மேலே ஏறுகிறவன் உயிருக்கு யார் பொறுப்பு?"

"ஏறுகிறவர் யார்?"

எங்களில் இளையவர் கையை உயர்த்தினார். அம்மையார் அவரைச் சிறிது நேரம் பார்த்தார். "மகனிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். நான்காம் நாள் அழைப்பு வந்தது. அந்த வேம்பு இன்றும் நிற்கிறது.

எல்லா வீட்டிலும் இப்படி நடப்பதில்லை. குறைந்த விலைக்கு வேலை கைமாறிப்போன நாட்கள் பல. கையில் வேலையில்லாத வாரத்தில் நாமும் குறைத்துவிட்டால் என்ன என்று தோன்றாமலும் இல்லை. அதற்கும் ஒரு வழி கண்டோம். தொகையைக் குறைக்கச் சொன்னால் வேலையைக் குறைப்போம். தழையை வீட்டாரே அகற்றலாம். அவசரமில்லாத கிளையை அடுத்த ஆண்டுக்கு விடலாம். வடத்தையும் ஆளையும் மட்டும் குறைப்பதில்லை.

ஆகவே, மழைக்காலத்துக்கு முன் மரம் கழிக்க எண்ணும் குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். யாரிடம் வேலையைக் கொடுத்தாலும், எந்தக் கிளை, எத்தனை ஆள், சேதத்துக்கு யார் பொறுப்பு, மரம் யாருக்கு என்னும் நான்கையும் எழுதி வாங்குங்கள். தெருவோர மரமானால் உள்ளாட்சி அலுவலகத்தின் அனுமதியைக் கேளுங்கள். அதன்பின் தொகைகளை ஒப்பிடுங்கள். ஒரே வேலைக்குச் சொன்ன விலைகளா அவை என்பது அப்போதுதான் உங்களுக்குத் தெரியும்.