ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஏலியன்

நீங்க இ.இ.இ-யா இருந்தா, 76 என்றால் என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. ஹெச்.எல்.டி. ப்ரோகிராமின் கடைசி வரி. நாலாவது செமஸ்டரில் 4100-ல் ஆரம்பித்து ஒவ்வொரு பைட்டாக அமுக்கி, கடைசியில் 76 போட்டு, 4500-ல் ரிசல்ட் வந்திருக்கா என்று எட்டிப் பார்த்தோமே, அந்த 8085 கிட். மற்ற டிபார்ட்மென்ட்காரர்களுக்கு: பெட்டிக்குள் ஒரு பச்சை போர்டு, அதன் மேல் கால்குலேட்டர் மாதிரி கீபேடு, அவ்வளவுதான். ரெண்டு எண்ணைக் கூட்டுவோம், பத்து எண்ணை ஏறுவரிசையில் அடுக்குவோம், டிராஃபிக் லைட்டை மாற்றி மாற்றி எரிய விடுவோம். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கியதும் ஆளாளுக்கு மறந்துடுவோம்.

அந்த 8085-க்கு ஒரு அண்ணன் உண்டு. 1974-ல் இன்டெல் கொண்டு வந்த 8080. அண்ணனுக்கு மூணு விதமான வோல்டேஜ் கொடுக்கணும். 1976-ல் வந்த தம்பிக்கு 5 வோல்ட் மட்டும் போதும், பேரில் இருக்கிற 5 அதைத்தான் சொல்லுது. (இது வைவாவில் கேட்பாங்க, வச்சுக்கோங்க.) அண்ணனுக்கு எழுதின மெஷின் கோடு தம்பிக்கும் புரியும். 76 அங்கேயும் 76தான். 1978-ல் ஜப்பானில் டைட்டோ கம்பெனி வெளியிட்டு உலகம் பூரா பைத்தியமாய் ஆடின ஸ்பேஸ் இன்வேடர்ஸ், அந்த 8080-ல் ஓடின கேம். அதாவது நம்ம லேப் அலமாரியில் தூசி படிஞ்சு கிடக்கிற சிப், அந்த கேமோட பாஷையைப் பேசத் தெரிஞ்ச சிப்.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்றால், ப்ளேஸ்மென்ட் டிரெய்னிங்கால். போன வருஷம் சாஃப்ட் ஸ்கில்ஸ் எடுக்க வந்த சார் ஒரு ஸ்லைடு காட்டினார். "ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல ஏலியன் செத்துச் செத்துக் குறையக் குறைய மிச்சம் இருக்கிறது வேகமா வரும். அது பிளான் பண்ணினது இல்ல. பிராசசர் வீக். அந்த வீக்னெஸ்ஸையே ஸ்ட்ரெங்த் ஆக்கினாங்க. நீங்களும் அப்படித்தான்!" கைத்தட்டல். அடுத்த ஸ்லைடில் அந்த கேமால் ஜப்பானில் 100 யென் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்று போட்டிருந்தார். பிற்பாடு தேடிப் பார்த்தால் 1978-ல் அந்த நாணயத்தை முந்தின வருஷத்தைவிடக் குறைவாகத்தான் அச்சடிச்சிருக்காங்க. சரி, நாணயக் கதை போகட்டும். முதல் கதை மட்டும் எனக்குள் அரிச்சுக்கிட்டே இருந்தது. பிராசசர் வீக் என்றால் எவ்வளவு வீக்? எதனால் வேகம் கூடுது? அதைப் பற்றி சார் ஒரு வார்த்தை சொல்லலை.

கேமை உருவாக்கினவர் பேர் டோமோஹிரோ நிஷிகாடோ. 1975-ல் அவர் வெஸ்டர்ன் கன் என்று ஒரு கேம் செய்தார். ரெண்டு கௌபாய் ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கிற ஆட்டம். அதில் பிராசசரே கிடையாது. கேட், ஃபிளிப்-ஃப்ளாப் என்று நாம் டிஜிட்டல் லேபில் பிரெட்போர்டில் குத்துகிற ஐ.சி-க்களை வைத்தே மொத்த ஆட்டமும். அமெரிக்காவில் மிட்வே கம்பெனி அதே கேமை உரிமம் வாங்கி, உள்ளே 8080-ஐப் போட்டு, கன் ஃபைட் என்று வெளியிட்டது. தன் ஆட்டமே வேற உடம்போடு திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் நிஷிகாடோ மைக்ரோபிராசசர் பக்கம் போனார். அடுத்த கேமுக்கு சர்க்யூட், ப்ரோகிராம், படம் எல்லாத்திலும் அவர் கைதான். ப்ரோகிராம் எழுதத் தேவையான கருவிகளையும் தானே உருவாக்கிக்கிட்டார். ஏறக்குறைய ஒரு வருஷம் ஆச்சு. முதலில் டாங்க், விமானம் எல்லாம் வரைஞ்சு பார்த்தார். நகர்றது நல்லா வரலை. மனுஷங்களைச் சுடுகிற மாதிரி வைக்க கம்பெனி ஒத்துக்கலை. அதனால் ஆக்டோபஸ், நண்டு, கணவாய் உருவத்தில் ஏலியன். (எங்க ஊர்க்காரனுக்கு அது ஏலியன் இல்லை, காலையில் கூடையில் வர்ற சரக்கு. நான் புதுப்பட்டினம்.)

இப்போ கணக்குக்கு வருவோம். இந்த இடம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க.

திரை 224-க்கு 256 பிக்சல். கறுப்பு வெள்ளைதான், ஒரு பிக்சலுக்கு ஒரு பிட். பெருக்கி 8-ஆல் வகுத்தால் 7,168 பைட். மொத்த ரேம் 8,192. ஆக, திரைக்கே போனது போக மிச்சம் 1,024 பைட். ஸ்கோர், ஏலியன் இருக்கிற இடம், குண்டு, ஸ்டாக் எல்லாம் அதுக்குள்ளதான் குடித்தனம். ப்ரோகிராம் இருக்கிற ரோமும் 8 கேபி. ஒரு வாட்ஸ்அப் ஸ்டிக்கர் இதைவிடப் பெருசு. கலர் தெரியுதே என்று கேட்டால், கண்ணாடி மேல் ஒட்டின கலர் ஷீட் அது. அந்தந்தப் பட்டைக்கு நேரா வந்தால் அந்தந்தக் கலர்.

கிளாக் 2 மெகாஹெர்ட்ஸ். திரை நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கும். 20 லட்சத்தை 60-ஆல் வகுத்தால் ஒரு ஃபிரேமுக்கு 33,333 கிளாக். இதுதான் பட்ஜெட். ஒரு ஏலியன் படம் 16 பைட். இந்த கேமோட ரோமை ஆர்வலர்கள் வரி வரியாய்ப் பிரிச்சுப் போட்டிருக்காங்க; அதில் படம் வரைகிற லூப்பை எடுத்து, 8080 டேட்டா ஷீட்டைப் பக்கத்தில் வைத்து கிளாக் எண்ணினேன். ஒரு பைட் வரைய ஏறக்குறைய 150. அப்போ ஒரு ஏலியனுக்கு 2,400. திரையில் 11-க்கு 5 என்று 55 ஏலியன். 55-ஐ 2,400-ஆல் பெருக்கினால் 1,32,000. பட்ஜெட்டைப் போல நாலு மடங்கு! வேற எந்த வேலையும் செய்யாமல் ஏலியனை மட்டும் வரைஞ்சாலும் ஒரு ஃபிரேமில் 13-ஐத் தாண்ட முடியாது.

அந்த 150-கூட சும்மா வரலை. 8080-க்கு ஒரு பைட்டை ஒரு நேரத்தில் ஒரு பிட்தான் நகர்த்தத் தெரியும், நம்ம ஆர்.எல்.சி, ஆர்.ஆர்.சி ஞாபகம் இருக்கா? பைட் எல்லைக்குப் பொருந்தாத இடத்தில் படம் வரையணும் என்றால் ஒவ்வொரு பைட்டையும் ரெண்டு மூணு தடவை, சமயத்தில் ஏழு தடவை, சுழற்றணும். அதுக்காக பிராசசருக்கு வெளியில் தனியா ஒரு ஷிஃப்டர் வைத்திருக்கு. அவுட் போட்டு பைட்டைக் கொடுத்து, எத்தனை பிட் நகரணும் என்றும் சொல்லிட்டால், அடுத்து இன் போடும்போது நகர்த்தின பைட் தயாராய்க் காத்திருக்கும். சாஃப்ட்வேரில் முடியாததை ஹார்டுவேருக்குத் தள்ளிவிடுகிறது, ரெண்டையும் கையில் வைத்திருக்கிற ஆளுக்குத்தான் தோணும்.

சரி, 55-ஐயும் ஒரே ஃபிரேமில் நகர்த்த முடியாது. அவர் செய்தது: ஒரு ஃபிரேமுக்கு ஒரு ஏலியன். வரிசையில் உயிரோடு இருக்கிற அடுத்த ஏலியனை மட்டும் ஒரு அடி நகர்த்து. அடுத்த ஃபிரேமில் அதுக்கு அடுத்தது. 55 இருக்கும்போது எல்லாரும் ஒரு அடி வைக்க 55 ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. பத்துதான் மிச்சம் என்றால் பத்தே ஃபிரேம். கடைசி ஒண்ணு மட்டும் என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் அதோட முறைதான். நொடிக்கு 60 அடி, பிசாசு மாதிரி ஓடும். இப்படி ஒவ்வொண்ணாக் குறையும்போதும் வேகம் கூடுறதுக்கு ப்ரோகிராமில் தனியா ஒரு வரி தேவைப்படலை.

இதுவரைக்கும் டிரெய்னர் சார் சொன்னது சரிதான் என்று நினைப்பீங்க. எனக்கும் இங்கேயே நிறுத்தியிருந்தால் அப்படித்தான் தோணியிருக்கும். ஆனால் ரோமில் இன்னொண்ணு இருக்கு.

அந்த கேமில் பின்னணியில் நாலே நாலு கனமான சத்தம் இதயத் துடிப்பு மாதிரி திரும்பத் திரும்ப வரும். ஏலியன் குறையக் குறைய அந்தத் துடிப்பும் வேகமாகும். அதுவும் தானா நடக்குது என்றுதான் நினைச்சேன். இல்லை. அதுக்கு ரோமில் ஒரு டேபிள் இருக்கு, 16 வரி. 50 ஏலியனும் அதுக்கு மேலேயும் என்றால் ரெண்டு துடிப்புக்கு நடுவில் 52 ஃபிரேம் இடைவெளி. கொஞ்சம் குறைஞ்சால் 46. அப்படியே இறங்கி, ஒரே ஒரு ஏலியன் என்றால் 5 ஃபிரேம். ஒவ்வொரு எண்ணும் யோசிச்சு, ஆடிப் பார்த்து, காதால் கேட்டு வச்ச எண். 8 கேபி-யில் இடம் ஒதுக்கி வச்சிருக்கார்.

வேகம் கூடினது தற்செயல். அதை ஒரு ஆள் கவனிச்சு, வச்சுக்கலாம் என்று முடிவு செய்து, அதுக்கு ஏத்த மாதிரி உட்கார்ந்து சத்தத்தைச் செதுக்கினது தற்செயல் இல்லை. சார் ஸ்லைடில் இந்த 16 வரி விட்டுப்போச்சு. என்னைக் கேட்டால் அந்த ஸ்லைடு பூராவும் அதுவாகத்தான் இருந்திருக்கணும்.

இதெல்லாம் இப்போ ஏன் என்று கேட்டால், நமக்கு ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைம். ப்ராஜெக்ட் சென்டர் பற்றி நான் சொல்லித்தான் தெரியணும் என்று இல்லை. டைட்டில், போர்டு, ரிப்போர்ட், பிபிடி, வைவாவுக்குக் கேள்வி-பதில் வரைக்கும் சேர்த்து பேக்கேஜ். எங்க நாலு பேர் டீமுக்கும் ஒரு ரேட் சொன்னாங்க, தலைக்கு ஆறாயிரத்துச் சொச்சம். டீமில் ரெண்டு பேர் ரெடி. அவங்களைத் தப்பு சொல்ல மாட்டேன். ஒருத்தனுக்கு ரெண்டு அரியர் இருக்கு, ஒருத்தி வீட்டில் டியூஷன் எடுத்துத்தான் ஃபீஸ் கட்டறா. நான் ஒரு 8085 போர்டில் இந்த கேமைச் சின்னதா செய்வோம் என்றேன். கைடு மேம் டைட்டிலைப் பார்த்துட்டு, "ஐ.ஓ.டி இல்லையாப்பா? ஏ.ஐ எதாவது?" என்றார். இல்லை மேம், 76 இருக்கு என்று சொல்ல வந்து வாயை மூடிக்கிட்டேன்.

வீட்டில் இன்னும் மோசம். அப்பா கல்பாக்கத்தில் கான்ட்ராக்டில் எலக்ட்ரீஷியன். "நாலு வருஷம் படிச்சுட்டு கேமா?" என்றார். நான் விடலை. 1958-லேயே அமெரிக்காவில் ப்ரூக்ஹேவன் என்று ஒரு அணு ஆராய்ச்சிக் கூடத்தில், பார்வையாளர் நாளுக்கு வர்றவங்களுக்கு போர் அடிக்கக் கூடாது என்று வில்லியம் ஹிகின்பாதம் என்கிற இயற்பியலாளர், குண்டு போகிற பாதையைக் கணக்குப் போடுகிற அனலாக் கம்ப்யூட்டரை ஆசிலாஸ்கோப்பில் இணைச்சு ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்தார். உங்க பிளான்ட் மாதிரி இடத்தில்தான் வீடியோ கேமே பொறந்தது என்று அளந்து விட்டேன். அப்பா சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சொன்னார்: "அவன் வேலையில சேர்ந்தப்புறம் பண்ணான்."

அதுக்கு என்கிட்ட இன்னைக்கு வரைக்கும் பதில் இல்லை.

ஆனாலும் ஆரம்பிச்சுட்டோம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் நாலு 8-க்கு 8 எல்.இ.டி மேட்ரிக்ஸ் வாங்கி 16-க்கு 16 திரை. கிட்டில் இருக்கிற 8255-லிருந்து மூணே மூணு வயர். 15 ஏலியன், ஒவ்வொண்ணும் ஒரு புள்ளி. மூணு வாரம் போச்சு. ஓடினப்போ லேப் அட்டெண்டர் அண்ணாகூட வந்து பார்த்தார்.

பார்த்தால், ஆட்டம் சப்பென்று இருந்தது. நம்ம கிட் 3 மெகாஹெர்ட்ஸ், 1978 மெஷினைவிட வேகம், புள்ளியும் பதினஞ்சுதான். எல்லாத்தையும் ஒரே ஃபிரேமில் தாராளமா நகர்த்த முடியுது. அதனால் 15 இருந்தாலும் ஒண்ணு இருந்தாலும் ஒரே வேகம். கடைசி ஏலியனை சாவகாசமா டீ குடிச்சுக்கிட்டே அடிக்கலாம். நிஷிகாடோவுக்கு வேற வழியில்லாமல் அமைஞ்சதை, நாங்க வேணும்னே எழுத வேண்டியிருந்தது: ஒரு நேரத்தில் ஒண்ணுதான் நகரணும். ஃபிரேமுக்கு ஒண்ணு என்று வைத்தால் கடைசிப் புள்ளி கால் நொடியில் திரையைக் கடந்துடுது, மனுஷன் கண்ணுக்கே ஆகாது. நாலு ஃபிரேமுக்கு ஒண்ணு என்று வைத்தோம். 15 இருக்கும்போது ஒரு அடிக்கு ஒரு நொடி. கடைசி ஒண்ணு திரையைக் கடக்க ஒரு நொடி. அரியர் வச்சிருக்கிற நம்ம ஆள்தான் மூணா நாலா அஞ்சா என்று ராத்திரி எட்டு மணி வரைக்கும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்து நாலு என்று முடிவு செய்தான். அந்த ஒரு எண்ணை வைவாவில் அவனை யாரும் ஆட்டிப் பார்க்க முடியாது.

சத்தத்துக்கு டேபிள் இன்னும் போடலை. ஒரே ஒரு பஸ்ஸர்தான் இருக்கு, நாலு சத்தத்துக்குச் சின்னதா ஸ்பீக்கர் வேணும். பழைய ஆட்டோ ரேடியோ, உடைஞ்ச பொம்மை எதிலாவது இருந்தால் கழற்றிக் கொண்டு வாங்க. ரெண்டாவது ரிவ்யூ அடுத்த மாசம். டைட்டில் இன்னும் மேம் டேபிளில்தான் இருக்கு. வியாழக்கிழமை மத்தியானம் லேப் காலியாக இருக்கும், யார் வேணும்னாலும் வந்து ஆடலாம். இதுவரைக்கும் கடைசிப் புள்ளியை அடிச்சது ரெண்டே பேர். அதில் ஒருத்தர் அட்டெண்டர் அண்ணா.