கிரயத்துக்கு முன் ஒரு வழக்கறிஞர்

வீடு வாங்குகிறவர் மனையின் திசையை ஆராய்கிறார். கிணற்று நீரில் உப்பு ஏறியிருக்கிறதா என்று சுவைத்துப் பார்க்கிறார். பத்திரப் பதிவுக்கு நல்ல நாள் கேட்கிறார். ஆனால் தம் வாழ்நாட் சம்பாத்தியம் முழுவதையும் எந்தக் காகிதத்தை நம்பிக் கொடுக்கப் போகிறாரோ, அந்தக் காகிதத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் தரகரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறார். இராமநாதபுரத்தில் சொத்துத் தஸ்தாவேஜுகளைப் பரிசீலிப்பதையே ஜீவனமாகக் கொண்ட எனக்கு இந்த வழக்கம் மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. அட்வான்ஸ் கொடுத்து, அக்ரிமென்ட்டிலும் கையெழுத்திட்ட பிறகு, பதிவுக்கு முந்திய மாலையில் ஒரு பை நிறைய நகல்களோடு வந்து, “ஐயா, லீகல் மட்டும் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்” என்று கேட்கிறவர்களே பலர். அந்த வேளையில் எந்தக் குறையைச் சொன்னாலும் அது அவர்கள் செவியில் அபசகுனமாகவே விழுகிறது. எனவே எந்த வழக்கறிஞரிடம் போவது என்று யோசிப்பதற்கு முன்னால், எப்பொழுது போவது என்று யோசிக்க வேண்டும். முன்பணம் கைமாறுவதற்கு முன்னால் போக வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். 2012 டிசம்பர் முதல் தமிழ்நாட்டில் கிரய உடன்படிக்கையையும் பதிவு செய்யவேண்டும் என்று சட்டம் கூறுவதே, அந்த முதற்படி எவ்வளவு கனமானது என்பதை உணர்த்தப் போதுமானது.

பதிவாகிவிட்டால் சொத்து தமதாகிவிட்டது என்ற நம்பிக்கை நம் ஜனங்களிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது. நூறு ரூபாய்க்கு 7 ரூபாய் முத்திரைத் தீர்வையும் 2 ரூபாய் பதிவுக் கட்டணமும் அரசாங்கத்துக்குச் செலுத்தியபின், அரசாங்கமே அந்தப் பாத்தியதைக்குப் பொறுப்பு என்று அவர்கள் எண்ணுவது இயற்கையே. ஆயினும் எழுதிக் கொடுத்தவர் இன்னார்தாமா, எழுதிக் கொடுத்ததை ஒப்புக்கொள்கிறாரா, தீர்வை சரியாகச் செலுத்தப்பட்டதா என்பவை போன்றவற்றைப் பார்ப்பதே 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் கீழ் சார்பதிவாளரின் கடமை. விற்கிறவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று தீர்மானிப்பது அவர் வேலையன்று என்பதை, 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுப் பதிவு விதிகளுள் 55-அ என்பதன் ஒரு பகுதியை ரத்து செய்த தீர்ப்பில், உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி உரைத்திருக்கிறது. தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் 1858-இல் ஏற்படுத்திய முறையிலும், அதைத் தழுவிய பிற தேசங்களிலும், பதிவேட்டில் ஏறிய பெயருக்கு அரசாங்கமே உத்தரவாதம் அளிக்கிறது. நம் தேசத்தில் பத்திரம் பதிவாகிறது; பாத்தியதை பதிவாவதில்லை. அந்த இடைவெளியில் நிற்கவேண்டியவர் வழக்கறிஞர்.

அவருக்குச் சட்டம் தெரிந்தால் மட்டும் போதாது. இந்த மண்ணின் சரித்திரமும் தெரிந்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று பார்த்தால் போதும் என்ற பொது வழக்கம் எங்கள் சீமைக்குப் பொருந்தாது. 1803-இல் ராணி மங்களேஸ்வரி நாச்சியாருக்குக் கும்பினியார் சன்னது கொடுத்து நிலைநிறுத்திய சேதுபதி சமஸ்தானத்தின் நிலங்கள், 1948-ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்தின்கீழ் அரசாங்கத்தின் கைக்கு வந்து, செட்டில்மென்ட் அதிகாரிகளின் விசாரணைக்குப் பின் ரயத்துவாரிப் பட்டாக்களாக மாறின. இனாம் நிலங்களுக்கு 1963-ஆம் ஆண்டுச் சட்டங்கள் வந்தன. பின்னர் 1979-இல் தொடங்கிய, நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யூ.டி.ஆர். வேலையில் கணக்குகள் புதிதாக எழுதப்பட்டபோது, அண்ணன் பெயர் தம்பி பட்டாவில் ஏறியதும், ஒரு புல எண்ணின் பகுதி மற்றொன்றில் சேர்ந்ததும் உண்டு. இந்தப் படிகளையெல்லாம் ஏறி இறங்கி, தாய்ப்பத்திரத்தையும் செட்டில்மென்ட் பதிவேட்டையும் இன்றைய பட்டாவையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கத் தெரியாதவர், பட்டா விற்கிறவர் பெயரில் இருக்கிறது என்ற ஒன்றைக் கொண்டே திருப்தி அடைந்துவிடுவார். பட்டா வருவாய்க் கணக்குக்கு ஆதாரம்; அதுவே முழு உரிமையையும் நிலைநாட்டிவிடாது என்று நீதிமன்றங்கள் பலமுறை கூறியிருக்கின்றன.

சேதுபதி மன்னர்கள் இராமேஸ்வரம் திருக்கோயிலுக்கும் ஏர்வாடி தர்காவுக்கும் வேறு பல அறநிலையங்களுக்கும் வழங்கிய மானியங்களை மறந்துவிட்டு இங்கே ஒரு மனையும் வாங்கலாகாது. கோயில் நிலத்தை அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றால், 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி அந்தக் கிரயம் செல்லாது. இடையில் எத்தனை கை மாறியிருந்தாலும் மூலத்தில் உள்ள குறை கடைசியாக வாங்கியவரையே வந்து சேரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி என்ற ஊரையே கடல் கொண்டுபோன இக்கரையில் வேறொரு கேள்வியும் கேட்டாக வேண்டும். 1991-இல் முதலில் பிறப்பிக்கப்பட்டு, 2011-இலும் 2019-இலும் மாற்றி எழுதப்பட்ட கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின் எல்லைக்குள் மனை இருக்குமானால், உரிமை பழுதற்றதாக இருந்தும் வீடு கட்ட அனுமதி கிடைக்காமற் போகலாம். அலையோசை கேட்கிறது என்று மகிழ்ந்து வாங்குகிறவருக்கு, அந்த ஓசை எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைக் கேட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

குடும்பங்களின் வரலாறு நிலத்தின் வரலாற்றைவிடச் சிக்கலானது. கீழக்கரையில் மகளுக்கு வீடு கொடுத்து மணம் முடிக்கும் வழக்கம் உண்டு. முஸ்லிம்களின் சட்டப்படி வாய்மொழியாகச் சொல்லி, பெற்றுக்கொண்டவர் ஏற்று, சுவாதீனமும் ஒப்படைக்கப்பட்டால் ஹிபா என்னும் தானம் செல்லும்; ஆதலின் வில்லங்கச் சான்றில் தந்தையின் பெயர் இருக்கும் வீடு, உண்மையில் மகளுடையதாக இருக்கக் கூடும். வளைகுடா நாட்டில் இருக்கும் சகோதரர் அனுப்பிய அதிகாரப் பத்திரம் இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரையிடப்பட்டதா, அதை எழுதிக் கொடுத்தவர் இன்னும் உயிரோடிருக்கிறாரா என்பவை அற்பக் கேள்விகள் அல்ல. இந்துக் குடும்பங்களில் 1989-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தமும் 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தமும் பூர்விகச் சொத்தில் பெண்மக்களுக்குப் பங்கு கொடுத்த பிறகும், “அக்காவுக்குச் சீர் செய்தாகிவிட்டது” என்று சொல்லி ஆண்மக்கள் மட்டும் கையெழுத்திட வருகிறார்கள். மைனரின் பங்கைத் தந்தை நீதிமன்ற அனுமதியின்றி விற்றிருந்தால், அந்தப் பிள்ளை வயது வந்தபின் மூன்று ஆண்டுக்குள் அதை ரத்து செய்யக் கோரலாம். நல்ல வழக்கறிஞர் பத்திரத்தைப் படிக்குமுன் ஒரு வம்சாவளியைத் தம் கையால் வரைந்து கொள்கிறார். அதில் கையெழுத்திடாத பெயர் எது என்று தேடுகிறார்.

வில்லங்கச் சான்று பதிவானவற்றை மட்டுமே சொல்லும். பதிவாகாத உயிலையும், கைச்சீட்டு எழுதிக் குடியிருக்கும் ஒத்திக்காரரையும், நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும் பாகப்பிரிவினை வழக்கையும் அதில் காண முடியாமற் போகலாம். வழக்கு நடக்கும்போது வாங்குகிறவரை அந்த வழக்கின் தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆகவே நீதிமன்றக் கணக்கைத் தேடுகிறவரும், ஸ்தலத்துக்குப் போய் நான்கெல்லையை நடந்து பார்த்து, அடுத்த வீட்டாரிடமும் குடியிருப்பவரிடமும் இரண்டு வார்த்தை பேசுகிறவருமே இவ்வேலைக்கு உரியவர். மேசையில் இருந்தபடியே ஒரு மணி நேரத்தில் சான்று எழுதித் தருகிறவர், காகிதத்துக்குச் சான்று தருகிறாரேயொழிய வீட்டுக்குத் தரவில்லை.

இவ்வளவையும்விட முக்கியமானது, அவர் யாருடைய வழக்கறிஞர் என்பது. வங்கி கடன் கொடுக்கிறது, வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டார் என்று நிம்மதி அடைகிறவர் பலர். அவர் தகுதி வாய்ந்தவராகவே இருக்கலாம். ஆனால் வங்கி கொடுத்த பணம் திரும்புமா என்று பார்ப்பதே அவர் கடமை, வாங்குகிறவர் நிம்மதியாகக் குடியிருப்பாரா என்பது அந்தக் கடமைக்குள் அடங்குவதில்லை. பத்திர எழுத்தர் நல்ல தமிழில் பிழையின்றிப் பத்திரம் எழுதித் தருவார்; உரிமையை ஆராய்ந்து கருத்துரைப்பது அவர் தொழிலன்று. தரகர் அழைத்து வந்தவர், மனைப்பிரிவு போட்டவர் வைத்திருப்பவர், விற்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும் சேர்த்துப் பார்க்கிறவர் ஆகிய மூவரையும் மரியாதையாக விலக்க வேண்டும். ஒரு விவகாரத்தில் ஒரு தரப்புக்கு ஆலோசனை சொன்னவர் எதிர்த் தரப்புக்கு ஆஜராகலாகாது என்று இந்திய பார் கவுன்சில் வகுத்த விதியின் தர்மம் கிரயத்துக்கும் உரியதே. விளம்பரம் செய்வதும் எங்களுக்கு விலக்கப்பட்டது. ஆகையால் அண்மையில் இதே வட்டாரத்தில் வீடு வாங்கி, பட்டா மாறுதலும் முடித்து நிம்மதியாக இருப்பவரிடம் விசாரிப்பதே உத்தமமான வழி.

முதற் சந்திப்பிலேயே மனிதரை எடை போடலாம். விலையைக் கேட்பதற்கு முன் மூலப்பத்திரத்தைக் கேட்கிறாரா? நகலோடு திருப்தி அடையாமல் அசலைப் பார்க்க வேண்டும் என்கிறாரா? தம் கருத்தை, குறைகளையும் அவற்றுக்குப் பரிகாரத்தையும் சேர்த்து, எழுத்தில் தர இசைகிறாரா? கட்டணத்தை முன்னமே சொல்கிறாரா? புரியாததை மறுபடி கேட்டால் பொறுமையாகச் சொல்கிறாரா? இந்த லக்ஷணங்கள் உடையவர் சிறிய அறையில் இருந்தாலும் அவரே பெரியவர்.

விற்கிறவருக்கும் இதே விவேகம் வேண்டும். வாங்க வருகிறவர் சாதாரண கவனத்தோடு பார்த்தும் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை, தாம் அறிந்திருந்தால், விற்கிறவர் வெளியிட வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு விதித்த கடமை. விற்கப் போகிறோம் என்று ஊருக்குச் சொல்லுமுன் தம் வழக்கறிஞரிடம் காகிதங்களைக் காட்டி, விட்டுப்போன விடுதலைப் பத்திரத்தையும் தவறான பட்டாவையும் சரிசெய்து கொள்பவர், விலை பேசும் இடத்தில் தலை நிமிர்ந்து பேசலாம்.

இறுதியாக, கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிரயம் முடிந்தால்தான் பணம் என்று வழக்கறிஞரிடம் பேசிக்கொள்கிறவர், தம்மை அறியாமலே, கிரயம் முடிய வேண்டும் என்ற ஆசையை அவர் மனத்தில் விதைத்துவிடுகிறார். “இந்த வீடு வேண்டாம்” என்று சொல்ல வேண்டிய நாளில் அந்த ஆசையே அவர் நாவைக் கட்டிவிடும். வாங்கச் சொன்னாலும் வேண்டாம் என்றாலும் ஒரே கட்டணம் என்று முதல் நாளிலேயே பேசி, நின்றுபோன கிரயத்துக்கும் மனம் நோகாமல் அதைக் கொடுக்கிற கட்சிக்காரர், தமக்கு உண்மை சொல்லும் சுதந்திரத்தை அந்த வழக்கறிஞருக்கு அளித்தவர் ஆகிறார். அத்தகையவருக்காக உழைக்கும்போதுதான் எங்கள் தொழில் தன் முழுப் பயனையும் தருகிறது.