இன்னும் இரண்டு வாரம்

ஆகஸ்ட் மதியம். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்தில், ஹார்னி பள்ளத்தாக்கின் ஓரம். முள்கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குழி வெட்டிக்கொண்டிருந்தார். மண் ஆய்வு அவருடைய வேலை. கடப்பாரை இறங்கும்போதெல்லாம் ணங்கென்று கேட்டது. கல் போலும் என்று எட்டிப் பார்த்தேன். கல் இல்லை, களிமண்.

தரை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஒரு வெடிப்புக்குள் அவர் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். பிறகு மடக்கு அளவுகோலை நீட்டி இறக்கினார். அரை மீட்டர் இறங்கியும் அது அடியில் தட்டவில்லை. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, நானும் பேச்சுக் கொடுக்கவில்லை. கரிசல் காட்டில் பிறந்தவனுக்கு வெடிப்பு புதிதில்லை. ஆனால் வருஷத்தில் பாதி நாள் உறைந்து கிடக்கும் ஊரில் அதைப் பார்த்தது நெஞ்சை என்னவோ செய்தது.

இங்கே விழும் தண்ணீர் கடலுக்குப் போவதில்லை. ஓடைகள் மால்யர், ஹார்னி ஏரிகளில் கலந்து, அங்கேயே வெயிலில் ஆவியாகித் தீர்ந்துவிடுகின்றன. பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்றை மேற்கே காஸ்கேட் மலைத்தொடர் வழிமறித்துக் கறந்துவிடுகிறது. மிஞ்சி வருவது ஆண்டுக்கு 250, 300 மில்லிமீட்டர். அதிலும் பெரும்பங்கு குளிர்காலத்துப் பனி. 26,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்த ஹார்னி மாவட்டத்தில் 2020 கணக்கெடுப்பின்படி 7,495 பேர்தான் இருந்தார்கள். மாடுகள் அதைவிடப் பல மடங்கு. உழவுக்கு ஏதுவான நிலம் குறைவு. வாழ்க்கை புல்லை நம்பி நடக்கிறது, புல் இந்த மண்ணை நம்பி.

குழி இடுப்பளவு ஆனதும் சுவர் துலங்கியது. மேலே ஒரு சாண் கனத்துக்குப் பொலபொலவென்று வெளிறிய மண். அதற்குக் கீழே கோடு கிழித்தாற்போலச் சட்டென்று மாறியது. செம்பழுப்பு நிறம், செங்குத்தாகப் பிளந்த கட்டிகள், ஒவ்வொன்றின் முகத்திலும் மெழுகு தடவியது போன்ற மினுமினுப்பு. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மேலிருந்து இறங்கிய நுண்களி பூசிய பூச்சு அது. இன்னும் கீழே வெள்ளை நூலிழைகள். அவர் அமிலத்தை ஒரு சொட்டு விட்டார். சுண்ணாம்பு நுரைத்தது.

ஒரு கட்டியை எடுத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையில் பிசைந்தார். ரொட்டி மாவு பதத்துக்கு வர வெகுநேரம் பிடித்தது. பிறகு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடாவாகப் பிதுக்கினார். வண்டல் கலந்த மண்ணாக இருந்தால் நாடா இரண்டரை சென்டிமீட்டருக்குள் ஒடிந்துவிடும். ஐந்தைத் தாண்டினால் களி. அவர் கையில் நாடா ஒடியாமல் நீண்டு, தன் கனத்தில் வளைந்து தொங்கியது. அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பிதுங்கியது ஸ்மெக்டைட் வகைக் களி. நம் கரிசலுக்குள் இருப்பதும் அந்தக் குடும்பம்தான். இந்த வட்டாரத்தில் எரிமலைகள் கக்கிய சாம்பலும் குழம்பும் லட்சக்கணக்கான ஆண்டுகள் மக்கி இந்தக் களி பிறந்தது. கண்ணுக்குத் தெரியாத ஏடுகளின் அடுக்கு அது. ஒரு கிராம் களியின் ஏடுகளையெல்லாம் பிரித்து விரித்தால் 700, 800 சதுர மீட்டர் வரும், மூன்று கிரவுண்டு மனைக்கும் மேல். ஏடுகளுக்கிடையில் தண்ணீர் நுழைந்தால் மண் உப்புகிறது, வெளியேறினால் சுருங்கி வெடிக்கிறது. கோடையில் மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழும். ஈரம் வந்து உப்பும்போது உள்ளே இடம் போதாது. மண் மண்ணோடு உரசி, அடியில் பளபளவென்று தேய்ந்த சாய்தளங்கள் உண்டாகும். கரிசலைத் 'தானே உழுதுகொள்ளும் மண்' என்று நம் பாடப்புத்தகம் சொல்லுமே, அந்த உழவு இங்கேயும் ஓரளவு நடக்கிறது. விதைக்கத்தான் ஆளில்லை.

களி நிறைய ஈரம் பிடிக்கும், ஆகவே வறண்ட நாட்டுக்கு அது நல்ல மண் என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை. குடிக்கிற தண்ணீரில் ஒரு பங்கைக் களி தன் ஏடுகளுக்குள் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. செடி வாடிச் சாகும் நாளிலும் மண்ணுக்குள் ஈரம் இருக்கும், வேரால் அதை இழுக்க முடியாது. பற்றாக்குறை மழையில், நீரை ஆழத்துக்கு விட்டுக் காக்கும் மணல்சாரி நிலமே பயிருக்கு இதைவிட இரங்கும்.

செடிகளுக்கு இது தெரியும். நம் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த சேஜ் புதர்கள்தான் இந்த நாட்டின் நிறமும் வாசனையும். ஆழமான, நீர் வடியும் மண்ணில் பெரிய சேஜ் ஆள் உயரத்துக்கு வளர்கிறது. களி மேலேறி வந்த இடத்தில் அது நின்றுவிடுகிறது. அங்கிருந்து முழங்கால்கூட எட்டாத குட்டை சேஜ் தொடங்குகிறது. நான் உட்கார்ந்த இடத்திலிருந்து அந்த எல்லை வரப்பு போலத் தெரிந்தது. அந்தப் பெண் குழி வெட்டித் தெரிந்துகொண்டதைப் புதர்கள் முன்பே எழுதி வைத்திருந்தன.

மாலையில் அவர் குழியை மூடிவிட்டுப் போனார். தோண்டிய மண் முழுவதும் குழிக்குள் திரும்பவில்லை, ஒரு மேடு மிஞ்சியது.

பனிக்காலத்தில் நான் அங்கே இல்லை. ஆனால் ஏப்ரலில் திரும்பியபோது தடயங்கள் இருந்தன. முதலில் உருகும் பனிநீர் வெடிப்புகள் வழியே விறுவிறுவென்று இறங்கும். மண் உப்பி வாய்கள் மூடிக்கொள்ளும். பிறகு வரும் நீர் உள்ளே போக வழியின்றி மேலேயே தேங்கும். இரவில் அது ஊசி ஊசியாக உறைந்து, புல் நாற்றை வேரோடு தூக்கிவிடும். பகலில் உருகும்போது நாற்று தரையில் படுத்துவிடும். அப்படிப் படுத்த நாற்றுகளை எண்ணத் தொடங்கி, மனம் பொறுக்காமல் விட்டுவிட்டேன்.

ஆகஸ்டில் கடப்பாரைக்கு மசியாத தரை இப்போது செருப்பை உருவியது. ஒவ்வோர் அடிக்கும் காலில் ஒரு கனம் கூடியது. இந்த மண்ணை ஊர்க்காரர்கள் 'கம்போ' என்கிறார்கள். மழை நாளில் கம்போ சாலையில் லாரி ஓட்ட மாட்டார்கள்.

வேலிக்கதவருகே எழுபது வயது மதிக்கத்தக்க பண்ணைக்காரர் நின்றிருந்தார். பின்னால் பட்டியில் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன. வைக்கோல் போர் கரைந்து அடித்தட்டு தெரிந்தது. ஒவ்வொரு நாளும் அவருக்குக் காசு கரைந்தது. கதவைத் திறந்தால் செலவு நிற்கும். இளம்புல் பச்சையாகத் தலைகாட்டிவிட்டது, மாடுகளுக்கும் அதன் வாசனை தெரிந்திருந்தது.

அவர் உள்ளே நான்கு அடி நடந்தார். பூட்ஸின் குதிகாலைத் தரையில் ஊன்றி உடம்பின் கனத்தை இறக்கினார். குதிகால் புதைந்தது. எடுத்தபோது குழியில் தண்ணீர் கசிந்து நின்றது. குனிந்து அதைப் பார்த்தார். கூட வந்த நாயும் பார்த்தது.

"இன்னும் இரண்டு வாரம்" என்றார். என்னிடம் சொன்னாரா, நாயிடமா, தெரியவில்லை.

சாலைக்கு எதிர்ப்புறம் இன்னொரு மேய்ச்சல் நிலம். அங்கே முந்தைய ஆண்டுகளில் ஈரத்திலேயே மாடு இறங்கியிருக்கிறது. குளம்புக் குழிகள் செங்கல் அச்சு மாதிரி இறுகி நின்றன. குழிகளைச் சுற்றி மெடுசாஹெட் என்ற வந்தேறிப் புல். மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து வந்தது. நம்மூர்ப் பார்த்தீனியம் போல, விட்ட இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்ளும். களிமண் காக்கும் வசந்தகால ஈரமே அதற்குத் தீனி. தண்டிலும் இலையிலும் சிலிக்கா மிகுதி. முற்றினால் மாடு வாய் வைக்காது, காய்ந்தால் எளிதில் மக்காது. போர்வையாகப் படிந்து மற்ற விதைகளை மூடிவிடும், கோடையில் நெருப்புக்கு விறகாகும். மண்ணைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எப்போது கால் வைக்கலாம் என்று அது ஒவ்வொரு குதிகால் குழியிலும் சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பண்ணைக்காரர் தினமும் காலையில் வந்தார். குதிகாலை ஊன்றினார், திரும்பிப் போனார். இரண்டு வாரம் மூன்றானது. நடுவே ஒரு நாள் பனி பெய்தது. பக்கத்துப் பண்ணையிலிருந்து வைக்கோல் வாங்கி வந்ததைப் பார்த்தேன்.

மே மாதம் ஒரு காலையில் குதிகால் பதியவில்லை. அவர் கதவைத் திறந்தார். மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்து குட்டை சேஜுக்குள் பரவின. அவை போன தடத்தில் நான் நடந்து பார்த்தேன். குளம்பின் விளிம்பு மட்டும் மெல்லியதாகப் பதிந்திருந்தது. தண்ணீர் எதிலும் இல்லை.